வீட்டு இசைப்பதிவுக்கான ஒலி அட்டை

ஒலி அட்டை என்பது ஒலிவாங்கி, இசைக்கருவி முதலியவற்றிலிருந்து வரும் மின்குறிகையை எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கவும், கணினியில் உள்ள எண்களை மீண்டும் மின்குறிகையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பவும் பயன்படும் கணினி வன்பொருள் ஆகும். தாய்ப்பலகையின் செருகுவாயில் பொருத்தப்படும் அட்டையாக முதலில் வெளிவந்தமையால் இது இப்பெயர் பெற்றது. தற்காலத்தில் யூ.எஸ்.பி வடத்தால் இணைக்கப்படும் தனிப் பெட்டியாகவே இது பெரும்பாலும் விற்கப்படுகின்றது. அவ்வடிவம் ஒலி இடைமுகம் என்று அழைக்கப்பட்டாலும் பணி ஒன்றேயாகும்.

பாட்டுக் கேட்பதற்கும் கணினி விளையாட்டுகளுக்கும் தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ள ஒலிச் சில்லு போதுமானது. வீட்டில் இசையைப் பதிவு செய்ய விரும்புபவரின் தேவை வேறு. கேட்பவருக்கு வெளியீடு முதன்மையானது. பதிபவருக்கு உள்ளீடு முதன்மையானது. விற்பனைப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், 7.1 ஒலித்தடம் போன்ற எண்கள் பெரும்பாலும் வெளியீட்டைக் குறிப்பவை. ஒலிவாங்கியின் மெல்லிய குறிகையை அட்டை எவ்வளவு தூய்மையாகப் பெருக்குகின்றது, பாடுபவரின் குரல் அவர் காதுக்கே திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகின்றது, அட்டையை இயக்கும் மென்பொருள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் ஆகிய மூன்றையும் அவ்வெண்கள் தெரிவிப்பதில்லை. இசைப்பதிவுக்கான அட்டையைத் தெரிவு செய்வதில் இம்மூன்றுமே பெரும் பங்கு வகிக்கின்றன.

வரலாறு

ஐ.பி.எம் வகைக் கணினிகளுக்கான தொடக்ககால ஒலி அட்டைகளுள் புகழ்பெற்றது கனடாவின் கியூபெக் நகரைச் சேர்ந்த ஆட்லிப் நிறுவனம் 1987 இல் வெளியிட்ட அட்டையாகும். லாவல் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். யமஹா நிறுவனத்தின் ஒய்.எம் 3812 என்னும் சில்லைக் கொண்ட இவ்வட்டை இசை ஒலிகளைத் தானே உருவாக்கி ஒலித்தது. வெளியிலிருந்து ஒலியைப் பதிவு செய்யும் வசதி இதில் இல்லை.

1989 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. சிம் வோங் ஹூ, இங் காய் வா ஆகியோர் 1981 இல் நிறுவிய இந்நிறுவனத்தின் அட்டை, ஆட்லிப் அட்டைக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளையும் ஒலித்தது. அத்துடன் ஒலிவாங்கி உள்ளீட்டையும் கொண்டிருந்தது. எனினும் பதிவு 8 பிட் அளவிலும், நொடிக்குச் சுமார் 12,000 மாதிரிகள் என்ற வீதத்திலும் மட்டுமே இயன்றது. பேச்சுக்கு ஓரளவு போதுமான இத்தரம் இசைக்குப் போதாது. 1992 இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, குறுந்தட்டின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவைச் சாதாரண வீட்டுக் கணினிக்குக் கொண்டு வந்தது. அளவு குறுந்தட்டினுடையதாக இருந்தாலும், பதிவில் கேட்கும் இரைச்சல் குறுந்தட்டினுடையதாக இல்லை.

ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான கணினிக் கருவிகள் தனி வழியில் வளர்ந்தன. டிஜிடிசைன் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினிக்கு 1989 இல் சவுண்ட் டூல்ஸ் தொகுதியையும், 1991 இல் புரோ டூல்ஸ் தொகுதியையும் வெளியிட்டது. இவற்றின் விலை வீட்டுப் பயனர்களுக்கு எட்டாததாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தனது கியூபேஸ் மென்பொருளுக்காக ஆசியோ என்னும் இயக்கி முறையை உருவாக்கிப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வழி செய்தது. இதன் பின்னரே விலை குறைந்த அட்டையும் சாதாரண மேசைக் கணினியும் சேர்ந்து பல தட ஒலிப்பதிவுக் கருவியாக முடிந்தது.

2000 ஆம் ஆண்டளவில் வெளிவந்த எம்-ஆடியோ நிறுவனத்தின் ஆடியோஃபைல் 2496 அட்டை இக்காலத்தின் அடையாளமாகக் கருதத்தக்கது. பி.சி.ஐ செருகுவாயில் பொருந்தும் இவ்வட்டையில் இரு தொடர்முறை உள்ளீடுகள், இரு வெளியீடுகள், ஓர் இலக்கமுறை உள்ளீடு, ஓர் இலக்கமுறை வெளியீடு, மிடி இணைப்பு ஆகியவை இருந்தன. விளையாட்டுக்கான வசதி எதுவும் இல்லை. ஒலிவாங்கிக்கான முன்பெருக்கியும் இல்லை. அதை அறியாமல் வாங்கியவர் தனியே ஒரு முன்பெருக்கியையோ சிறு கலப்பியையோ வாங்க நேர்ந்தது. இந்த இடத்தில்தான் பெட்டியின் மேல் உள்ள எண்ணுக்கும் பயனரின் தேவைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது.

பிட்டும் மாதிரி வீதமும்

ஒலிக் குறிகையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுவதே இலக்கமுறைப் பதிவாகும். நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகின்றது என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவும் எத்தனை இரும இலக்கங்களால் எழுதப்படுகின்றது என்பது பிட் ஆழம்.

மாதிரி வீதத்தின் பாதி வரையுள்ள அதிர்வெண்களை முழுமையாகப் பதிவு செய்யலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் அறியப்படும் தேற்றம். 44.1 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள் அடங்கும். மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ்; வயது ஏற ஏற இதுவும் குறையும். ஆகவே 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் பதிவதால் வீட்டுப் பதிவில் கேட்கத்தக்க ஆதாயம் அரிது. செலவு மட்டும் உறுதி. இரு தடங்களை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் நிமிடத்திற்குச் சுமார் 10.6 மெகாபைட் இடம் வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 34.6 மெகாபைட்டாக உயர்கின்றது. வன்தட்டு இடம் மலிந்துவிட்ட இக்காலத்தில் இது பெரிதன்று. ஆயினும் இருபது தடங்களை ஒருசேர இயக்கும்போது கணினியின் செயலிக்கும் சுமை கூடுகின்றது.

பிட் ஆழத்தின் கதை வேறு. ஒவ்வொரு பிட்டும் மிகப் பெரிய ஒலிக்கும் மிகச் சிறிய ஒலிக்கும் இடையே பதியக்கூடிய வீச்சைச் சுமார் 6 டெசிபெல் கூட்டுகின்றது. 16 பிட்டுக்குச் சுமார் 96 டெசிபெல், 24 பிட்டுக்குச் சுமார் 144 டெசிபெல் என்பவை கணக்கில் வரும் எல்லைகள். உண்மையான மின்சுற்று எதுவும் 144 டெசிபெலை எட்டுவதில்லை. மிகச் சிறந்த மாற்றிகளே 120 டெசிபெலை ஒட்டி நிற்கின்றன. வீட்டு அறையின் நிலையோ இன்னும் கீழே உள்ளது. அமைதியான அறையிலும் 30 டெசிபெல் அளவுக்குப் பின்னணி ஒலி இருக்கும். ஒலிவாங்கிக்கு அருகில் உரத்துப் பாடும் குரல் 95 டெசிபெல் என்று கொண்டால், இடைவெளி 65 டெசிபெல் மட்டுமே. அதற்கு 16 பிட் தாராளமாகப் போதும்.

அவ்வாறாயின் 24 பிட் எதற்கு என்னும் வினா எழும். அதன் பயன் கேட்பதில் இல்லை, பதிவதில் உள்ளது. இலக்கமுறைப் பதிவில் உச்ச எல்லையைத் தாண்டும் ஒலி அப்படியே வெட்டுப்பட்டுக் கரகரப்பாக மாறும். அதை மீட்க முடியாது. பாடகர் எந்த இடத்தில் குரலை உயர்த்துவார் என்று முன்னரே தெரியாதபோது, உச்ச எல்லைக்கு 18 டெசிபெல் கீழே அளவை அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இதனால் மூன்று பிட்டுகள் பயன்படாமல் போகின்றன. 16 பிட் பதிவில் இந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கது; 24 பிட் பதிவில் பொருட்டன்று. எனவே 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் என்பதே வீட்டு இசைப்பதிவுக்கு ஏற்ற அமைவாகும். தற்போது விற்கப்படும் ஒலி இடைமுகங்கள் ஏறக்குறைய அனைத்தும் இதைத் தருகின்றன. ஆகையால் இவ்வெண்ணை வைத்து இரு கருவிகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

அச்சிட்ட மாதிரி வீதம் அட்டைக்குள் உண்மையில் நடப்பதைக் காட்டாமலும் போகலாம். 1998 இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையின் செயற்சில்லு 48 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் மட்டுமே இயங்கியது. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதன் வழியாகச் செல்லும்போது வீத மாற்றத்துக்கு உட்பட்டது. விளையாட்டுக்கு இது குறையன்று. பதிந்த பாட்டைப் பலமுறை வெளியே அனுப்பி மீண்டும் உள்ளே எடுப்பவர்களுக்கு இது குறையாகவே அமைந்தது.

உள்ளீடுகள்

அட்டையின் உள்ளீடுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். அவை ஒலிவாங்கி உள்ளீடு, கருவி உள்ளீடு, லைன் உள்ளீடு என்பன. ஒன்றில் செருக வேண்டியதை மற்றொன்றில் செருகுவதே புதிய பயனர்களின் பதிவுகள் கெடுவதற்குப் பொதுவான காரணமாகும்.

ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மேடைகளில் பரவலாகக் காணப்படும் ஷூர் எஸ்.எம் 58 போன்ற இயங்குசுருள் ஒலிவாங்கி, 94 டெசிபெல் ஒலிக்கு ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட் மட்டுமே தருகின்றது. தொழில்முறைக் கருவிகளின் லைன் அளவு சுமார் 1.23 வோல்ட். முன்னதைப் பின்னதாக்க அறுநூறு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். மெல்லிய குரலுக்கோ, சற்றுத் தொலைவில் வைத்துப் பதியும் வீணைக்கோ இன்னும் பல மடங்கு வேண்டும். பெருக்கும்போது குறிகையோடு சேர்ந்து முன்பெருக்கியின் சொந்த இரைச்சலும் பெருகும். ஒலி அட்டையின் தரத்தில் விலைக்கேற்ற வேறுபாடு மிகுதியாகத் தெரியும் இடம் இதுவே.

தாய்ப்பலகையில் உள்ள இளஞ்சிவப்பு நிற ஒலிவாங்கித் துளையும் ஒரு முன்பெருக்கியோடு இணைந்ததுதான். ஆனால் அது பேச்சுக்கான சிறிய எலெக்ட்ரெட் ஒலிவாங்கிகளுக்காக அமைக்கப்பட்டது; அவற்றுக்கு வேண்டிய சில வோல்ட் மின்னழுத்தத்தையும் அத்துளையே தருகின்றது. மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர் இணைப்பியைக் கொண்ட ஒலிவாங்கியை மாற்றுவடத்தால் அதில் செருகினால், குறிகை மெலிந்தும் இரைச்சல் மிகுந்தும் பதிவாகும். மின்தேக்கி வகை ஒலிவாங்கியாயின் பெரும்பாலும் எதுவுமே பதிவாகாது. ஏனெனில் அவ்வகைக்கு 48 வோல்ட் மின்வழங்கல் வேண்டும். ஃபாண்டம் மின்வழங்கல் எனப்படும் இவ்வசதி இசைப்பதிவுக்கான இடைமுகங்களில் ஒரு பொத்தானாக அமைந்திருக்கும்.

எக்ஸ்.எல்.ஆர் இணைப்பில் குறிகை ஒன்றுக்கொன்று எதிரான இரு கம்பிகளில் செல்கின்றது. வழியில் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் புகும் இரைச்சல் பெறும் முனையில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றது. சமநிலை இணைப்பு எனப்படும் இம்முறையால் பத்து மீட்டர் வடத்தையும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

மின்கித்தாரின் காந்த ஒலியெடுப்பியும், வீணை, வயலின் போன்றவற்றில் ஒட்டப்படும் பீசோ ஒலியெடுப்பியும் வேறு வகைக் குறிகையைத் தருகின்றன. இவற்றை உயர்ந்த மின்மறுப்புடைய உள்ளீட்டில், பொதுவாகச் சுமார் 1 மெகாஓம் அளவுடையதில், இணைக்க வேண்டும். சுமார் 10 கிலோஓம் மின்மறுப்புடைய லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி கேட்கும். ஆனால் காந்த ஒலியெடுப்பியில் உயர் அதிர்வெண்கள் மங்கும், பீசோ ஒலியெடுப்பியில் கீழ் அதிர்வெண்கள் மெலிந்து ஒலி தகரம் போலாகும். கருவியின் நாதம் போய்விட்டது என்று வாசிப்பவர் தம்மையோ கருவியையோ நொந்துகொள்ளும் பல வேளைகளில் குறை இந்தத் துளையில்தான் இருக்கின்றது. இடைமுகங்களில் கித்தார் படத்துடனோ, இன்ஸ்ட் என்றோ ஹை-இசட் என்றோ குறிக்கப்பட்ட உள்ளீடு இதற்கானது.

லைன் உள்ளீடு மின்விசைப்பலகை, ஒலிநாடாக் கருவி, கலப்பி ஆகியவற்றுக்கு உரியது. வீட்டுக் கருவிகளின் லைன் அளவு சுமார் 0.32 வோல்ட் என்பதால், தொழில்முறை அளவுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 12 டெசிபெல் வேறுபாடு உண்டு. சில அட்டைகளில் இதை மாற்றியமைக்கலாம். மடிக்கணினிகளில் இப்போது பெரும்பாலும் தலையணி கேட்பொறிக்கும் ஒலிவாங்கிக்கும் சேர்த்து ஒரே துளை உள்ளது. லைன் உள்ளீடு அறவே இல்லை.

தாமதம்

ஒலி, மாதிரிகளாக மாறியபின் ஒவ்வொன்றாகச் செயலிக்குச் செல்வதில்லை. ஒரு தொகுதி மாதிரிகள் இடைநினைவகத்தில் சேர்ந்தபின் மொத்தமாகவே செல்கின்றன. வெளியேறும்போதும் அவ்வாறே. இதனால் பாடியது காதுக்குத் திரும்பி வரச் சிறிது நேரம் பிடிக்கின்றது. 44.1 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் 1,024 மாதிரி இடைநினைவகம் ஒருவழிக்கு 23.2 மில்லிநொடியும், 256 மாதிரி 5.8 மில்லிநொடியும், 128 மாதிரி 2.9 மில்லிநொடியும் எடுக்கின்றன. உள்ளே வருவதற்கும் வெளியே செல்வதற்கும் இதை இருமுறை கணக்கிட வேண்டும், மாற்றிகளும் யூ.எஸ்.பி இணைப்பும் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல்.

காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 செண்டிமீட்டர் செல்கின்றது. ஆகவே 10 மில்லிநொடித் தாமதம் என்பது ஒலிபெருக்கியை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்தது போன்றதாகும். விசைப்பலகை வாசிப்பவர் இதற்கு எளிதில் பழகிக்கொள்வர். 25 மில்லிநொடிக்கு மேல் போனால் விரலும் ஒலியும் பிரிந்து நிற்பது தெரியும். வேகமான தாளத்தில் வாசிப்பு தடுமாறும். பாடகரின் நிலை இன்னும் கடினமானது. அவர் குரல் எலும்பின் வழியாக உடனேயும், கேட்பொறியின் வழியாகத் தாமதமாகவும் காதை அடைகின்றது. இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. 5 மில்லிநொடித் தாமதத்தில் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் இவ்வழிவு நிகழும். தம் குரலே தமக்கு அந்நியமாகக் கேட்பதால் பாடகர் சுருதி விலகவும் கூடும். பின்னர் பதிவைக் கேட்பவர்களுக்கு இதன் காரணம் புலப்படுவதில்லை.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. முதலாவது நேரடிக் கண்காணிப்பு ஆகும். உள்ளீட்டுக் குறிகை கணினிக்குள் போகாமல் அட்டைக்குள்ளேயே கேட்பொறிக்குத் திருப்பப்படுகின்றது. தாமதம் இல்லை எனலாம். குரல் பதிவு மட்டும் செய்பவருக்கு இவ்வசதி ஒன்றே தாமதப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஆனால் மென்பொருளில் சேர்க்கும் எதிரொலி போன்ற விளைவுகள் இவ்வழியில் கேட்கா. மிடி விசைப்பலகையால் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் இசைக்கருவியை வாசிப்பவருக்கும் இது உதவாது. ஒலி பிறப்பதே கணினிக்குள் என்பதால் அவருக்கு இரண்டாவது தீர்வான நல்ல இயக்கியே வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், இயங்குதளத்தின் ஒலிக் கலப்பி வழியாகச் செல்லும் ஒலிக்குச் சுமார் 30 மில்லிநொடி கூடுதலாக ஆனது. ஆசியோ இயக்கி இக்கலப்பியைத் தாண்டி மென்பொருளை அட்டையோடு நேரே இணைக்கின்றது. உற்பத்தியாளரே எழுதிய ஆசியோ இயக்கி ஒரு கருவிக்கு உண்டா என்பது விண்டோஸ் பயனர் முதலில் பார்க்க வேண்டியது. இல்லாதவற்றுக்கு ஆசியோ4ஆல் என்னும் இலவச மென்பொருள் உதவும். அது விண்டோஸின் பொது இயக்கியின் மேல் அமைந்த ஓர் இடையடுக்கே ஆதலால், எல்லாக் கருவிகளிலும் ஒரே பயனைத் தருவதில்லை. மேக் கணினிகளில் கோர் ஆடியோ இயங்குதளத்திலேயே அமைந்துள்ளது. லினக்ஸில் 2003 இல் வந்த 2.6 கருவகம் முதல் அல்சா இடம்பெற்றுள்ளது. அதன் மேல் ஜாக் போன்ற மென்பொருள்கள் குறைந்த தாமதத்தைத் தருகின்றன.

இடைநினைவகத்தை மிகக் குறைத்தால் செயலி நேரத்துக்குள் வேலையை முடிக்க முடியாமல் பதிவில் சொடுக்கொலிகள் விழும். பதியும்போது 128 அல்லது 256, பின்னர் தடங்களைக் கலக்கும்போது 1,024 என மாற்றிக்கொள்வது வழக்கம்.

இணைப்பு முறை

பி.சி.ஐ அட்டைகள் நிலையான, குறைந்த தாமதத்தைத் தந்தன. கணினிப் பெட்டிக்குள் மின்வழங்கி, விசிறி, காட்சியட்டை ஆகியவற்றின் அருகில் அமர்ந்திருப்பது அவற்றின் குறை. எம்-ஆடியோ டெல்டா 44 போன்றவை இணைப்பிகளையும் மாற்றிகளையும் தனிப் பெட்டியில் வெளியே வைத்து இதைத் தவிர்த்தன. பி.சி.ஐ செருகுவாய் 2010களில் புதிய தாய்ப்பலகைகளிலிருந்து படிப்படியாக மறைந்தது. பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் அட்டைகள் இன்றும் உள்ளன, ஆனால் அவை பெரும்பாலும் பல தடங்கள் வேண்டும் கூடங்களுக்கு உரியவை.

நொடிக்கு 12 மெகாபிட் வேகமுடைய யூ.எஸ்.பி 1.1 இணைப்பில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் இருதட ஒலி ஒரு திசையில் 4.6 மெகாபிட் எடுத்துக்கொண்டது. இரு திசையிலும் ஒருசேர அனுப்ப இடம் போதவில்லை. அக்காலத்துக் கருவிகள் அச்சிட்ட வீதத்தை ஒரு திசையில் மட்டுமே தந்ததற்கு இதுவே காரணம். 480 மெகாபிட் வேகமுடைய யூ.எஸ்.பி 2.0 வந்தபின் இத்தடை நீங்கியது. இன்று நான்கைந்து உள்ளீடுகள் கொண்ட இடைமுகத்துக்கு யூ.எஸ்.பி 2.0 வேகமே போதும். துளை சி வகையாக மாறியிருப்பதால் மட்டும் ஒலித்தரம் கூடுவதில்லை.

உள்ளீடுகள் போதாதபோது இரண்டாவது ஒலி அட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுவதுண்டு. ஒவ்வோர் அட்டையும் தனக்கென ஒரு படிகத்தின் துடிப்பில் இயங்குகின்றது. இரு படிகங்களுக்கிடையே பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தாலும், நான்கு நிமிடப் பாடலின் முடிவில் இரு தடங்களும் 12 மில்லிநொடி விலகிவிடும். இலக்கமுறை இணைப்பால் ஒன்றின் துடிப்பை மற்றொன்று பின்பற்றுமாறு செய்ய முடிந்தால் மட்டுமே இம்முறை நம்பத்தக்கது.

மின்னிரைச்சல்

கணினியும் பெருக்கியும் வெவ்வேறு மின்செருகிகளில் இணைக்கப்படும்போது புவியிணைப்புகளுக்கிடையே ஒரு சுற்று உருவாகி, இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் மின்வழங்கலில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமான ரீங்காரம் பதிவில் கேட்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இணைப்பதும், சமநிலை வடங்களைப் பயன்படுத்துவதும் பெரும்பாலும் இதைப் போக்கும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் குறை ஒலி அட்டையில் இல்லை. ரீங்காரத்தை நிறுத்துவதற்காக மூன்று முனைச் செருகியின் புவியிணைப்பு முனையை அகற்றும் பழக்கம் சிலரிடம் உள்ளது. இது உயிராபத்தை விளைவிக்கக் கூடியது. ஒலிவாங்கியை உதட்டருகே பிடித்திருப்பவரின் உடல் வழியாகவே கசிவு மின்னோட்டம் நிலத்தை அடையக்கூடும்.

தேவைக்கேற்ற தெரிவு

தனிக்குரலைப் பதிபவருக்கு ஒரு நல்ல முன்பெருக்கி, 48 வோல்ட் மின்வழங்கல், நேரடிக் கண்காணிப்பு ஆகியவை போதும். தாமே பாடிக்கொண்டு கித்தார் வாசிப்பவருக்கு இரு உள்ளீடுகள் வேண்டும். அவற்றுள் ஒன்று கருவி உள்ளீடாக மாறக்கூடியதாக இருக்க வேண்டும். 2011 இல் அறிமுகமான ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 முதலான இருவழி இடைமுகங்கள் பரவியதற்கு இத்தேவையின் பரவலே காரணம் எனலாம்.

மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துப் பதியும் வழக்கம் உள்ளது. குரல், வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில், பின்னர் தனித்தனியே சரிசெய்யுமாறு பதிய வேண்டுமாயின் நான்கு முன்பெருக்கிகள் தேவை. ஒருவர் பின் ஒருவராகப் பதிந்தால் இரண்டே போதும். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் இசைக்கு அம்முறை பொருந்துவதில்லை. நான்கு முன்பெருக்கி என்று கூறப்படும் கருவிகளில் உள்ளீடு நான்கு என்பதற்கும் முன்பெருக்கி நான்கு என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இலக்கமுறை உள்ளீடுகளையும் லைன் உள்ளீடுகளையும் சேர்த்தெண்ணி விளம்பரத்தில் தருவது வழக்கமாக உள்ளது.

பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்ற விரும்புபவருக்கு முன்பெருக்கி தேவையே இல்லை. தாய்ப்பலகையின் நீலநிற லைன் உள்ளீடே பல வேளைகளில் போதும். ஒலிநாடாவின் சொந்த இரைச்சல் அதைவிட மிகுதி. இசைத்தட்டுக்கு மட்டும் அதற்குரிய சமன்செய் பெருக்கி இடையில் வேண்டும். மென்பொருள் இசைக்கருவிகளை மட்டும் பயன்படுத்துபவர் உள்ளீடுகளுக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை; தாமதம் குறைந்த இயக்கியே அவருக்குப் போதும்.

யூ.எஸ்.பி ஒலிவாங்கிகள் மாற்றியைத் தமக்குள்ளேயே கொண்டவை. பேச்சுப் பதிவுக்கு வசதியானவை. இரண்டாவது ஒலிவாங்கி தேவைப்படும் நாளில், மேலே கூறிய துடிப்பு வேறுபாட்டுச் சிக்கலில் இவை மாட்டிக்கொள்ளும்.

செலவைப் பகிரும்போது ஒலிவாங்கிக்கும் அறைக்கும் முன்னுரிமை தருவது தக்கது. வெற்றுச் சுவர்களுடைய அறையின் எதிரொலிப்பை எந்த அட்டையாலும் நீக்க இயலாது. தடித்த போர்வைகளும், துணிகள் நிறைந்த அலமாரியும் அதைக் குறைக்கும்.

வாங்குமுன் சோதித்தல்

ஒலிவாங்கியை இணைத்து, பெருக்கத்தைப் பாடும் அளவுக்கு வைத்து, எவரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து, பின்னர் அப்பதிவின் ஒலியளவை உயர்த்திக் கேட்பது எளிய சோதனையாகும். சீரான காற்றோசை மட்டும் இருந்தால் அது அறையினுடையதோ முன்பெருக்கியினுடையதோ ஆகும். ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு மீண்டும் பதிந்தால் எது என்று தெரிந்துவிடும். சுட்டியை நகர்த்தும்போதோ சாளரத்தை உருட்டும்போதோ கீச்சொலி மாறினால் அது கணினியின் மின்னிரைச்சல் கசிவாகும். வெளியீட்டை ஒரு வடத்தால் உள்ளீட்டோடு இணைத்து ஒரு சொடுக்கொலியை அனுப்பிப் பதிந்தால், மூல ஒலிக்கும் பதிந்த ஒலிக்கும் இடையே உள்ள மாதிரிகளின் எண்ணிக்கையே உண்மையான இருவழித் தாமதம். 44.1 கிலோஹெர்ட்ஸில் 882 மாதிரிகள் என்றால் 20 மில்லிநொடி. மென்பொருள் காட்டும் எண்ணைவிட இது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

இயக்கியின் ஆயுள்

ஒலி அட்டைகளின் மின்சுற்று பல ஆண்டுகள் உழைக்கும். அவை பயனற்றுப்போவது பெரும்பாலும் இயக்கி கிடைக்காமையாலேயே. இயங்குதளம் மாறும்போது உற்பத்தியாளர் புதிய இயக்கி எழுதாவிட்டால், பழுதில்லாத அட்டையும் அலமாரிக்குப் போகின்றது. நிறுவனங்கள் கைமாறுவதும் உண்டு. எம்-ஆடியோவை 2004 இல் அவிட் நிறுவனம் வாங்கியது. 2012 இல் அது இன்மியூசிக் நிறுவனத்துக்குச் சென்றது. ஆடியோஃபைல் 2496 போன்ற அட்டைகளுக்குப் புதிய விண்டோஸ் பதிப்புகளுக்கான இயக்கி வெளிவருவது நின்றுபோனது. அதே அட்டையில் உள்ள என்வி24 சில்லுக்கான இயக்கி லினக்ஸின் அல்சாவில் இருப்பதால், பி.சி.ஐ செருகுவாயுள்ள பழைய கணினியில் லினக்ஸை நிறுவி அதனை இன்றும் பயன்படுத்தலாம்.

யூ.எஸ்.பி ஒலிக் கருவிகளுக்கான பொது வரையறைகளைப் பின்பற்றும் கருவிகள் இவ்வகையில் பாதுகாப்பானவை. இவற்றின் இரண்டாம் பதிப்பு 2006 இல் வெளியானது. மேக், லினக்ஸ் ஆகியவை இவற்றைத் தனி இயக்கியின்றி ஏற்கின்றன. விண்டோஸ் 10 இயங்குதளம் 2017 இல் வந்த 1703 ஆம் பதிப்பு முதல் இரண்டாம் பதிப்பை ஏற்கின்றது. அவ்வழியில் இயங்கும்போது ஆசியோவின் குறைந்த தாமதம் கிடைக்காது. ஆயினும் உற்பத்தியாளர் கைவிட்ட பின்னும் கருவி ஒலியைப் பதியும். பழைய கருவியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்க எண்ணுபவர், தம் இயங்குதளத்தின் பதிப்புக்குரிய இயக்கி உற்பத்தியாளரின் தளத்தில் உள்ளதா என்று பார்த்து, அதைத் தரவிறக்கி வைத்துக்கொண்ட பின்னரே பணம் கொடுப்பது நன்று.